முதலில் படித்த எழுத்து

மெஷினில் மாட்டியிருந்த, வேலை விவரம் அச்சடித்த ஜாப் கார்டை எடுத்துப் பார்த்த மாதேஷ், "இத என்ன பாஷையில அடிச்சு வச்சிருக்காங்க?" என்று கேட்டார்.

பக்கத்து மெஷினில் நின்றவர்கள் சிரித்தார்கள். வேடிக்கை பண்ணுகிறார் என்று நினைத்தார்கள். ஓசூர் சிப்காட்டில் இரும்புத் தகடு அடிக்கும் அந்தப் பிரஸ் ஷாப்பில், மெஷினைத் தயார் செய்கிற செட்டராக அவர் சேர்ந்து எத்தனையோ வருஷமாகிவிட்டது. அந்தக் கார்டில் வரும் சொற்களை அவர் தூக்கத்தில் கேட்டால்கூடச் சொல்வார். மாதேஷ் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்து மாட்டிக்கொண்டார். சுவரில் இருந்த தமிழ்ப் பலகையைப் பார்த்தார். அதுவும் கோடும் சுழியுமாகத்தான் தெரிந்தது. பேச்சு குழறவில்லை, கை கால் எதுவும் இழுக்கவில்லை. ஆனால் திரும்பி நடந்தவர், வலது பக்கம் நின்றிருந்த தள்ளுவண்டி கண்ணிலேயே படாதது போல நேராகப் போய் மோதி விழுந்தார். அதன் பிறகுதான் ஆம்புலன்ஸ் வந்தது.

அவருடைய மனைவி பூங்கொடி, தான் வேலை பார்த்த கார்மென்ட்ஸ் கம்பெனியிலிருந்து அப்படியே ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்தாள். மூளையின் பின்பக்கத்தில் இடது புறம் ரத்தக் குழாய் அடைத்துக்கொண்டது என்றார் டாக்டர். உயிருக்கு ஆபத்தில்லை. வலது பக்கப் பார்வை கொஞ்சம் போயிருக்கிறது. அப்புறம், படிக்க வரவில்லை.

"படிக்க வரலைன்னா? அவரு நல்லாப் படிப்பாருங்களே, சார்."

டாக்டர் ஒரு தாளைக் கொடுத்து மாதேஷைப் பெயரும் ஊரும் எழுதச் சொன்னார். மாதேஷ் தமிழில் அழகாக எழுதிக் கொடுத்தார். டாக்டர் அவரிடம் வேறு என்னென்னவோ பேசிவிட்டு, அதே தாளைத் திருப்பி அவர் கையில் வைத்தார்.

"இத வாசிங்க."

மாதேஷ் வெகுநேரம் பார்த்தார். "யாரு எழுதுனதுங்க இது?" என்றார்.

பூங்கொடி எட்டிப் பார்த்தாள்; அவர் கையெழுத்தேதான்.

வீட்டுக்கு வந்த பிறகு வாரத்தில் இரண்டு நாள் அந்த ஆஸ்பத்திரிக்கே பயிற்சிக்குப் போனார்கள். சொல்லிக் கொடுத்தவள் லிபியா என்ற இளம்பெண். நாசரேத் பக்கத்திலிருந்து வேலைக்காக ஓசூருக்கு வந்தவள். ஒவ்வொரு சொல்லாக அட்டையில் எழுதிக் காட்டுவாள். மாதேஷ் எழுத்து எழுத்தாகத் தடவிக்கொண்டு போவார். நாலு எழுத்தைத் தாண்டுவதற்குள் முதல் எழுத்து மறந்துவிடும். கண்ணாடி போட்ட முகம் வியர்த்துப் போகும். ஒருநாள் சிவப்பு அட்டையில் ஆங்கிலத்தில் 'ஸ்டாப்' என்று எழுதிக் காட்டினாள். அட்டை முழுசாக நிமிர்வதற்குள் அவருடைய வலது உள்ளங்கை தானாக முன்னால் போய், மெஷினை நிறுத்தும் பொத்தானை அமுக்குவது போல நின்றது.

"பாத்தீங்களா?" என்று லிபியா சிரித்தாள். "தினமும் கண்ணுல பட்ட சொல்லு, சட்டுனு வந்துட்டு."

பூங்கொடி ஆசையோடு ஒரு அட்டையை வாங்கித் தன் பெயரை எழுதி அவர் முன்னால் வைத்தாள்.

"இது என்னன்னு பாருங்க."

மாதேஷ் குனிந்தார். "பூ..." என்றார். அடுத்த எழுத்தில் விரலை வைத்து அப்படியும் இப்படியும் நகர்த்தினார். "பூ... பூசணி?"

லிபியா பேச்சை மாற்றினாள். வெளியே வந்ததும் பூங்கொடியைத் தனியாகக் கூப்பிட்டு, "அதுக்காக வருத்தப்படாதீங்க. உங்க பேரு அவரு வாயில பழகியிருக்கும், கண்ணுல பழகியிருக்காது. எங்க பாத்திருப்பாரு எழுதி? கல்யாணப் பத்திரிகையில, ரேஷன் கார்டுல. அவ்வளவுதானே?" என்றாள்.

பூங்கொடி தலையாட்டினாள். சரிதான். ஆனாலும் அன்று பூராவும் பூசணி என்ற சொல் அவளை விட்டுப் போகவில்லை.

அதற்கு அடுத்த வாரம் நடந்ததுதான் எல்லாவற்றையும் மாற்றியது. ஆஸ்பத்திரி வரிசையில் உட்கார்ந்திருந்த மாதேஷ் தாகமாக இருக்கிறது என்று எழுந்தார். நடைபாதையில் குடிதண்ணீர் மெஷினுக்கு மேலே ஒரு பலகை இருந்தது. எல்லையோர ஊர் என்பதால் மேலே தமிழ், நடுவில் கன்னடம், கீழே ஆங்கிலம். மாதேஷ் டம்ளரைப் பிடித்தபடி அண்ணாந்து பார்த்து, யாரும் கேட்காமலே, "நீரு" என்றார்.

பூங்கொடி துள்ளிக்கொண்டு உள்ளே ஓடினாள். "மேடம், படிச்சிட்டாரு! குடிநீர்ங்கறதப் படிச்சிட்டாரு!"

லிபியா வந்தாள். கையில் இருந்த ஃபைலால் கீழே இருந்த இரண்டு வரிகளையும் மறைத்து, "இதச் சொல்லுங்க" என்றாள். மாதேஷ் தமிழ் வரியை உற்றுப் பார்த்தார். உதடு அசைந்தது. ஒன்றும் வரவில்லை. லிபியா ஃபைலை நகர்த்தித் தமிழை மறைத்து, நடு வரியை மட்டும் காட்டினாள்.

"நீரு," என்றார் மாதேஷ், உடனே. அந்த வரியின் முதல் சொல்லைத்தான் விட்டுவிட்டார். இரண்டாவது சொல் நீரு, கன்னடத்தில் தண்ணீர்.

"சாருக்குக் கன்னடம் தெரியுமா? நீங்க சொல்லவே இல்லையே."

பூங்கொடி தயங்கியபடி, "தளிப் பக்கம் அவரு ஊரு. சின்னதுல கன்னடப் பள்ளிக்கூடத்துலதான் படிச்சாரு. தமிழ் எழுத்தெல்லாம் ஓசூருக்கு வேலைக்கு வந்த பிறகு, பஸ் போர்டு பாத்துக் கத்துக்கிட்டது" என்றாள். பிறகு, "வீட்ல நாங்க கன்னடம் பேசறதில்லீங்க" என்றாள்.

அவர்கள் ஏன் பேசுவதில்லை என்பதை அவள் சொல்லவில்லை.

பூங்கொடி சிங்காரப்பேட்டைக்காரி. கல்யாணமாகித் தளிப் பக்கத்துக் கிராமத்துக்கு வந்தபோது அவளுக்குக் கன்னடத்தில் ஒரு சொல் தெரியாது. வீட்டில் மாமியார், மாமனார், மாதேஷின் அக்கா பாப்பம்மா எல்லாரும் அவளிடம் மட்டும் தமிழில் பேசுவார்கள். முகத்தைத் திருப்பினால் கன்னடம். நடுநடுவே சிரிப்பு. அவள் கையில் இருக்கும் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு, தன்னைப் பற்றித்தானோ என்று நின்று கேட்பாள். ஒன்றும் புரியாது. ராத்திரி மாதேஷைக் கேட்டால், "சும்மா ஊர்க் கதை" என்பார். மகள் சுப்ரியா பிறந்து, ஓசூருக்குத் தனிக்குடித்தனம் வந்த பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது.

பேச ஆரம்பித்த வயதில் ஒருநாள் சுப்ரியா முந்தானையைப் பிடித்து இழுத்து, "நீரு பேக்கு" என்றது. தண்ணி வேணும் என்று அப்பா சொல்லிக் கொடுத்திருந்தார். பூங்கொடிக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ தெரியவில்லை. "இந்த வீட்ல அந்தப் பேச்சு இனிமே வேணாங்க. எம் பொண்ணு பேசறது எனக்குப் புரியணும்" என்றாள். மாதேஷ் எழுந்து போய்க் குழந்தைக்குத் தண்ணி எடுத்துக் கொடுத்தார். அப்போது அவர் தினமும் பஸ் ஸ்டாண்டில் ஒரு கன்னடப் பேப்பர் வாங்கி வருவார். சாப்பிட்ட தட்டு காயும்வரை அதில் மூழ்கிக் கிடப்பார். அதையும் அவள் நிறுத்தினாள். தமிழ்ப் பேப்பருக்குச் சொல்லிவைத்தாள். அவர் அதைக் கொஞ்ச நாள் மெதுவாகப் படித்தார். பிறகு படம் மட்டும் பார்த்தார். பிறகு டிவி.

பாப்பம்மா ஒருமுறை கூடை நிறைய பீன்ஸும் ரோஜாவும் எடுத்துக்கொண்டு வந்தாள். சுப்ரியாவை மடியில் வைத்துக் கன்னடத்தில் ஏதோ கேட்டாள். குழந்தை விழித்தது. பாப்பம்மா மாதேஷைப் பார்த்தாள். மாதேஷ் தரையைப் பார்த்தார். அதற்குப் பிறகு நல்லது கெட்டதுக்குப் பார்த்துக்கொள்வதோடு சரி.

இப்போது லிபியா கேட்டாள்: "வீட்ல கன்னடம் படிக்கத் தெரிஞ்சவங்க யாரும் இருக்காங்களா? பிள்ளைங்க?"

"யாரும் இல்லீங்க."

போச்சம்பள்ளியில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்து அங்கேயே ஹாஸ்டலில் இருந்த சுப்ரியா, ஞாயிற்றுக்கிழமை வந்தபோது விஷயத்தைக் கேட்டாள். "நாம கத்துக்கலாம்மா. போன்லயே எல்லாம் இருக்கு" என்றாள். பூங்கொடிக்குப் போன் சரிப்படவில்லை. எல்லையைத் தாண்டி அத்திபெலேக்குப் பஸ்ஸில் போய், பள்ளிக்கூடத்துக்கு எதிரே இருந்த கடையில் ஒன்றாம் வகுப்புக் கன்னடப் பாடப் புத்தகம் ஒன்று வாங்கினாள். கடைக்காரர், "பேத்திக்கா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டாள்.

வேலை முடிந்து வந்து சமையலை இறக்கி வைத்துவிட்டு அவள் அந்தப் புத்தகத்தோடு உட்காருவாள். எல்லாம் முறுக்குப் பிழிந்த மாதிரி இருந்தது. இன்றைக்குப் பிடித்த எழுத்து நாளைக்கு வேறு எழுத்தின் முகத்தோடு வந்து நின்றது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாதேஷோ படத்தைக் கையால் மறைத்தாலும், "அரச", "ஆனெ", "இலி" என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். ராஜா, யானை, எலி. தேடாமல், தடவாமல், சொல் முழுசாக அவர் கண்ணில் விழுந்தது. அந்த நேரம் மட்டும் அவர் முகம் நோயாளி முகமாக இல்லை. அவள் ஒரு சொல்லைக் கூட்டி முடிப்பதற்குள் அவர் அந்தப் பக்கத்தையே முடித்துவிட்டுக் காத்திருப்பார்.

"எனக்கு வரவே மாட்டேங்குதுங்க," என்றாள் ஒருநாள்.

"இந்த வயசுல அப்பிடித்தான். எனக்குத் தமிழும் அப்பிடித்தான் இருந்துச்சு," என்றார் மாதேஷ்.

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். அவளுக்குத்தான் அது எங்கேயோ போய்த் தைத்தது.

புத்தகம் சீக்கிரமே முடிந்துவிட்டது. இனிமேல் வாயால் கூடப் பேசி, கையில் எழுதிக் காட்டி, அந்த மொழியிலேயே வளர்ந்த ஒருத்தர் பக்கத்தில் இருந்தால் நல்லது என்றாள் லிபியா. பூங்கொடி சனிக்கிழமை லீவு போட்டுவிட்டுத் தளிக்குப் பஸ் ஏறினாள். போனில் கேட்க அவளுக்கு வாய் வரவில்லை.

பாப்பம்மா வீட்டு முன்னால் சாக்கை விரித்து ரோஜாவைக் கட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள். கணவர் போன பிறகு தோட்டத்தை அவளே பார்த்துக்கொண்டாள். பூங்கொடியைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை. "பா, கூத்கோ" என்றவள், உடனே, "வா, உக்காரு" என்று திருத்திக்கொண்டாள்.

பூங்கொடி உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். பாப்பம்மா கட்டுவதை நிறுத்தாமல் கேட்டாள்.

"ஆஸ்பத்திரி முடிஞ்சு வீட்டுக்கு வந்தப்புறந்தான் எனக்குச் சொன்னீங்க," என்றாள் பாப்பம்மா.

"தப்புதாங்க அண்ணி."

"அவன் இங்க வந்தாக்கூட எங்கிட்டத் தமிழ்லதான் பேசறான். தெரியுமா உனக்கு? கன்னடத்துல ஆரம்பிப்பான், பாதியில தமிழ் வந்துரும். வீட்ல பழகிப்போச்சுக்கான்னு சிரிப்பான். எங்கம்மா சாகறப்பக்கூட அவங்கிட்டத் தமிழ்லயே பேசிப் பாத்தா, அவன் தமிழ்லதான் பதில் சொல்லுவான்னு."

பூங்கொடியால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. "நீங்கல்லாம் பேசிச் சிரிக்கறப்ப எனக்கு என்னமோ என்னைத்தான் பேசறீங்கன்னு இருக்கும் அண்ணி. சின்ன வயசு. கேக்கவும் தைரியமில்ல."

பாப்பம்மா கையில் இருந்த நாரைக் கீழே வைத்தாள்.

"சில நாள் உன்னைப் பாத்தும் சிரிச்சிருக்கோம். பொய் சொல்லக் கூடாது. நீ களி கிண்டுன விதத்த, நீ பேசற ராகத்த. உனக்குப் புரியலங்கற தைரியந்தான். நானும் சின்னவதான அப்ப." கீழே வைத்த நாரை மறுபடி எடுத்தாள். "அதுக்காக அவன் பேப்பர நிறுத்தணுமா கொடி?"

பாப்பம்மா உள்ளே போய் ஒரு பையில் இரண்டு புடவையை எடுத்து வைத்துக்கொண்டு வந்தாள்.

பாப்பம்மா வந்த பிறகு வீட்டின் சத்தமே மாறிவிட்டது. காலையில் காபியோடு ஆரம்பித்துவிடுவாள். மாதேஷின் உள்ளங்கையை விரித்து ஆள்காட்டி விரலால் எழுத்தை எழுதுவாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். பிறகு கண்ணைத் திறந்து அதையே தாளில் பார்ப்பார். வீடு, பால், மாடு, மழை, ஊர்ப் பெயர், கோயில் பெயர். வருகிற சொல்லெல்லாம் மடமடவென்று வந்தது. அக்காவும் தம்பியும் எதையோ நினைத்துக்கொண்டு சிரிப்பார்கள். பூங்கொடி அடுப்படியில் இருந்து அந்தச் சிரிப்பைக் கேட்பாள். இப்போதும் புரியவில்லை. ஆனால் கோபம் வரவில்லை. கோபம் வராததே அவளுக்கு அழுகையாக வந்தது. இதற்கு இத்தனை வருஷம் தேவைப்பட்டதா என்று இருந்தது.

ஒருநாள் பாப்பம்மா பஸ் ஸ்டாண்டிலிருந்து கன்னடப் பேப்பர் ஒன்று வாங்கி வந்து விரித்தாள். மாதேஷ் ஆசையாக மடியில் போட்டுக்கொண்டார். தலைப்பில் மழை என்ற சொல்லைப் பிடித்தார். அடுத்ததில் ஊர் என்றதைப் பிடித்தார். அவற்றுக்கு நடுவே இருந்த நீளமான சொற்களில் கண் வழுக்கிக்கொண்டே போனது. அரசாங்கம், தேர்தல், தொழிற்சாலை... ஒன்றும் நிற்கவில்லை. கொஞ்ச நேரத்தில் பேப்பரை மடித்து டீப்பாய் மேல் வைத்துவிட்டார்.

"இது எல்லாம் உனக்குத் தெரியும்டா. வரிவரியாப் படிப்பியே," என்றாள் பாப்பம்மா.

"படிச்சன்க்கா. இப்ப யாரோ தெரியாதவங்க மாதிரி இருக்குது எல்லாம்."

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது பூங்கொடி லிபியாவிடம் இதைக் கேட்டாள். லிபியா ஒரு தாளில் கோடு போட்டுச் சொன்னாள். சின்ன வயதில் முதல் முதலாகப் படித்த சொற்கள் ஆழமாக இறங்கிவிடுகின்றன, லேசில் அழியாது. பிறகு படித்த சொற்கள் அப்படியில்லை. அவற்றைக் கண் அடிக்கடி பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். சாருக்குப் பள்ளிக்கூடத்துச் சொற்கள் தங்கிவிட்டன. பேப்பர்ச் சொற்கள் இடையில் பழக்கம் விட்டுப்போனவை.

"விடாம படிச்சிட்டே இருந்திருந்தா?" என்று கேட்டாள் பூங்கொடி.

லிபியா பேனாவை மூடினாள். "அத யாராலயும் உறுதியாச் சொல்ல முடியாதும்மா. ஒவ்வொருத்தர் மூளை ஒவ்வொரு மாதிரி."

"உங்களுக்கு என்ன தோணுது, அதச் சொல்லுங்க."

"இருந்திருக்கலாம்," என்றாள் லிபியா மெதுவாக. "கொஞ்சமாவது மிச்சம் இருந்திருக்கலாம்."

அன்று சாயங்காலம் பாப்பம்மா கடைக்குப் போயிருந்த நேரம் பார்த்துப் பூங்கொடி கணவனிடம் போய் உட்கார்ந்தாள். ஆஸ்பத்திரியில் லிபியா சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னாள். "நாந்தாங்க நிறுத்துனன். நான் சும்மா இருந்திருந்தா இன்னிக்கு நீங்க பேப்பராவது படிச்சிக்கிட்டு இருப்பீங்க."



"நீ நிறுத்தச் சொன்ன. நானும்தான விட்டுட்டன்," என்றார் மாதேஷ். "ஒரு நாள், நிறுத்த மாட்டன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அக்கா, அம்மா பேசறப்ப உனக்குப் புரியறாப்பலப் பேசுங்கன்னு அவங்ககிட்டச் சொல்லியிருக்கலாம். அதையும் சொல்லல. சண்டை வேணாம்னு எல்லாத்தையும் விட்டன்."

அவள் தலையைக் குனிந்துகொண்டு அழுதாள். அவர் அவளைத் தொடவும் இல்லை, தடுக்கவும் இல்லை. அவருக்கு வலது பக்கம் உட்கார்ந்திருந்ததால் அவள் அழுவது அவருக்குச் சரியாகத் தெரியாமலும் இருந்திருக்கலாம்.

பிரஸ் ஷாப்பில் அவருக்கு வேறு வேலை தருகிறோம் என்றார்கள். கார்டு படிக்காமல் செய்கிற வேலை அங்கே எதுவும் இல்லை என்பது அவர்களுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். கணக்கு முடித்துக்கொண்டு வந்துவிட்டார். ரோஜாவுக்குச் சீசன் ஆரம்பித்ததும் பாப்பம்மா ஊருக்குக் கிளம்பினாள். "இவனையும் கூட்டிட்டுப் போறன். அங்க பேச்சுத் துணைக்காவது ஆள் இருக்குது. நீ வேலைய விட முடியாதில்ல," என்றாள். மாதேஷ் பூங்கொடியின் முகத்தைப் பார்த்தார். போகட்டுமா என்று கேட்கிறாரா, போகிறேன் என்று சொல்கிறாரா என்று அவளுக்குப் புரியவில்லை. "போய்ட்டு வாங்க. நான் ஞாயித்துக்கிழமை வரன்," என்றாள்.

கொஞ்ச நாள் போய்விட்டு வருவதாகத்தான் சொன்னார்கள். ஆனால் சீசன் முடிந்தும் அவர் திரும்பவில்லை. அங்கே பூக்கட்டுகளை எண்ணி வைக்கிறார்; டீக்கடையில் உட்கார்ந்து பேசுகிறார்; கன்னடத்தின் நடுவில் இப்போது தமிழ் குறுக்கிடுவது குறைந்துவிட்டதாகப் பாப்பம்மா சொன்னாள். சுப்ரியா சில வாரம் அப்பாவைப் பார்க்கப் போய்வந்தாள். அங்கே எல்லாரும் பேசும்போது அவள் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாளாம். வந்து, "எனக்கு ஒண்ணுமே புரியலம்மா" என்றாள். பூங்கொடி அவளுக்கு என்ன சொல்ல முடியும்?

தளியில் மூடுபனி விலகத் தொடங்கியிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை பூங்கொடி போனபோது, மாதேஷ் வெயிலுக்காகச் சுவரோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஒரு சின்னக் கதைப் புத்தகத்தைப் படித்துக்கொண்டிருந்தார். பெரிய பெரிய எழுத்து, பக்கத்துக்கு மூன்று நாலு வரி. நரியும் மாடும் ஏதோ பேசிக்கொள்கிற கதை. அவளைப் பார்த்ததும், "கேளு" என்றார். அவள் இடது பக்கம், அவருக்குத் தெரிகிற பக்கமாகப் போய் உட்கார்ந்தாள்.

அவர் விரலை வரிக்குக் கீழே வைத்து வாய்விட்டுப் படித்தார். சில சொற்கள் ஓடின. சில சொற்களில் நின்று, பின்னால் போய், மறுபடி வந்தார். அவளுக்கு மாடு புரிந்தது, தண்ணீர் புரிந்தது. இன்னொரு சொல் மூன்று தடவை வந்தது. அவர் அதைச் சொல்லும்போதெல்லாம் லேசாகச் சிரித்தார். அதற்கு என்ன அர்த்தம் என்று அவள் கேட்கவில்லை. கேட்டால் அவர் நிறுத்திவிடுவார். நிறுத்தினால் வரி தவறிவிடும். பிறகு முதலிலிருந்து தேட வேண்டும்.